இன்குபேட்டருக்குப் பணம் தருவார்கள், ஸ்கேனுக்குத் தரமாட்டார்களா?

கேள்வி: எனக்கு இப்போது 14 வாரம். முதல் குழந்தை 31-வது வாரத்திலேயே தானாக வலி வந்து பிறந்துவிட்டது, பல வாரங்கள் இன்குபேட்டரில் வைத்திருந்தார்கள். இந்த முறை 16-வது வாரத்திலிருந்து கர்ப்பப்பை வாயின் நீளத்தை ஸ்கேனில் அடிக்கடி பார்க்கவேண்டும் என்கிறார் டாக்டர். இன்சூரன்ஸ் கம்பெனியோ, ‘உங்களுக்கு அறிகுறி எதுவும் இல்லை, இது அவசியமில்லை’ என்று கைவிரித்துவிட்டது. இந்த ஸ்கேன் உண்மையிலேயே தேவைதானா?

பதில்: தேவை, சந்தேகமே வேண்டாம். ஒருமுறை 37 வாரம் முடியுமுன் தானாக வலி வந்து பிரசவம் ஆனவர்களுக்கு மறுபடியும் அப்படி ஆகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். உங்கள் டாக்டர் சரியாகத்தான் சொல்கிறார்.

‘அறிகுறி இல்லை’ என்று கம்பெனி சொல்வதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அறிகுறி இல்லாதபோது பார்ப்பதற்காகத்தானே இந்த ஸ்கேன்! கர்ப்பப்பை வாய் நடுக்கர்ப்பத்தில் பெரும்பாலும் 35, 40 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். சிலருக்கு வலியோ கசிவோ எதுவும் தெரியாமலே அது குறுகிக்கொண்டு வரும், 24 வாரத்துக்குள் 25 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் குறைப்பிரசவ ஆபத்து கூடிவிட்டது என்று பொருள். வலி வந்தபிறகு ஓடினால் பிரசவத்தை ஓரிரு நாள் தள்ளிப்போடலாம், குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போடலாம், அதற்குமேல் டாக்டர்களான எங்கள் கையில் அதிகம் இல்லை. முன்கூட்டியே தெரிந்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. தினமும் இரவில் பெண்ணுறுப்பில் வைக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரை, வயிற்றில் ஒற்றைக் குழந்தையும் கர்ப்பப்பை வாய் குறுகலும் உள்ளவர்களுக்குக் குறைப்பிரசவத்தை நன்றாகவே குறைக்கிறது. உங்களைப்போல ஏற்கெனவே குறைப்பிரசவம் ஆனவர்களுக்குக் கர்ப்பப்பை வாயில் தையல் போடுவதும் உண்டு.

ஸ்கேனுக்குப் பயப்படவும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வார்கள், ஏனென்றால் சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் கர்ப்பப்பை வாய் அழுந்தி, இருப்பதைவிட நீளமாகத் தெரியும். மெல்லிய கருவியை உள்ளே வைத்து, அழுத்தாமல், சில நிமிடம் பார்த்து மூன்றுமுறை அளந்து அதில் குறைந்த அளவை எடுத்துக்கொள்வார்கள். வயிற்றுக்கு மேலிருந்து பார்ப்பது இந்த அளவுக்குத் துல்லியமாக இருக்காது, அதனால் ‘மேலே பார்த்தாச்சு, போதும்’ என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, ஏன் பணம் தர மறுக்கிறார்கள்? ஸ்கேன் செலவு இன்றைக்கே, நிச்சயமாக வருகிறது. குறைப்பிரசவம் தடுக்கப்பட்டு மிச்சமாகும் பணம் எப்போதோ, யாருக்கோ போகிறது. நாளைக்கு நீங்கள் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டால் லாபம் அந்தப் புதுக் கம்பெனிக்கு, அதனால் ஒவ்வொரு கம்பெனியும் அடுத்தவன் செலவழிக்கட்டும் என்று காத்திருக்கிறது. அப்புறம், சீக்கிரம் பிறந்த குழந்தைக்குப் பின்னாளில் வரக்கூடிய கண் பிரச்சினை, மூச்சுப் பிரச்சினை, மூளைவாதம், படிப்பில் தடுமாற்றம் இவற்றின் பெரும்பாரம் பெற்றோர்மேல் விழுகிறது, கம்பெனிக் கணக்கில் அது வருவதே இல்லை. 2020-இல் உலகம் முழுக்கச் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐந்து வயதுக்குள் குழந்தைகள் இறப்பதற்கு முதல் காரணமும் இதுதான். இத்தனை பெரிய விஷயத்தைக் கம்பெனிகளின் விருப்பத்துக்கு விடக்கூடாது, எல்லாரும் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டமே சொல்லவேண்டும். எல்லாருக்கும் ஒரே விதி என்றால் யாருக்கும் நஷ்டமில்லையே.

ஆனால் சட்டம் போடும்போது கண்ணில் பட்ட பரிசோதனையை எல்லாம் சேர்த்துவிடக்கூடாது. எல்லாக் குறைப்பிரசவத்தையும் ஸ்கேனால் தடுக்கமுடியாது, கர்ப்பப்பை வாய் குறுகிய எல்லாருக்கும் சீக்கிரம் பிரசவமாவதும் இல்லை. நான் கேட்பது இவ்வளவுதான்: 18 முதல் 24 வாரத்துக்குள் எல்லாருக்கும் ஒருமுறை அளவு, முன்பு குறைப்பிரசவம் ஆனவர்களுக்கு 16-வது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை, ரத்த அழுத்தம், அதோடு மாத்திரைக்கும் தையலுக்கும் சேர்த்துப் பணம். ஸ்கேனுக்கு மட்டும் கொடுத்துவிட்டு மாத்திரைக்கு இல்லை என்றால் அந்த ஸ்கேன் எதற்கு? ஆய்வு மாறினால் பட்டியலும் மாறவேண்டும். குறைப்பிரசவத்தைத் தடுக்கும் என்று வருஷக்கணக்கில் வாராவாரம் போட்டுவந்த ஒரு புரோஜெஸ்டிரோன் ஊசி (மேலே சொன்ன மாத்திரை அல்ல) பலன் தரவில்லை என்று தெரிந்து 2023-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதன் அனுமதியையே ரத்து செய்தது. படுத்தே கிடப்பதும் குறைப்பிரசவத்தைத் தடுப்பதில்லை, யாராவது வற்புறுத்தினால் காரணம் கேளுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மேல்முறையீடு செய்யுங்கள். முதல் பிரசவம் எத்தனையாவது வாரம், வலி தானாக வந்ததா, பனிக்குடம் முதலில் உடைந்ததா என்பதையெல்லாம் டாக்டரை ஒரு கடிதத்தில் எழுதித் தரச் சொல்லி, பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் இணைத்து அனுப்புங்கள், மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஆனால் பதிலுக்காக ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். கையிலிருந்து கட்டமுடியாது என்றால் அரசு மருத்துவமனையிலாவது எடுத்துவிடுங்கள், பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு பிறகு சண்டை போடலாம். இடையில் அடிவயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, தண்ணீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ அடுத்த ஸ்கேன் தேதிவரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், ராத்திரியானாலும் சரி.