50 ரூபாய் பிடிஎஃப்: வாங்கியவர் திருடரா?

கேள்வி: 480 ரூபாய் நாவல் ஒன்றை வாட்ஸ்அப் குழுவில் 50 ரூபாய்க்குப் பிடிஎஃப்பாக வாங்கினேன். நடுவில் 16 பக்கம் இல்லை. கேட்டால் குழுவை விட்டே தூக்கிவிட்டார்கள். 'திருட்டுச் சாமான் வாங்கினால் இப்படித்தான்' என்கிறார் மனைவி. இது திருட்டா? பணம் திரும்பக் கிடைக்குமா?
– ஈரோடு வாசகர்

பதில்: 50 ரூபாயை மறந்துவிடுங்கள். பில் இல்லை, விற்றவர் பெயர் தெரியாது; யார் மேல் புகார் கொடுப்பீர்கள்? 16 பக்கம் என்பது அச்சில் ஒரு ஃபாரம். ஃபாரம் விட்டுப்போன புத்தகத்தை யாரோ ஸ்கேன் செய்திருக்க வேண்டும். அதையே கடையில் வாங்கியிருந்தால், பில்லைக் காட்டி வேறு பிரதி கேட்டிருக்கலாம்.

திருட்டா என்றால், சட்டத்தின் கணக்கில் இல்லை. ஒருவர் வசமுள்ள அசையும் பொருளை அவர் சம்மதமில்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு நகர்த்துவதே திருட்டு. பதிப்பாளரின் கிடங்கிலிருந்து ஒரு பிரதிகூடக் குறையவில்லையே. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1985-ல், டௌலிங் வழக்கில், அனுமதியில்லாமல் அடித்த இசைத்தட்டுகளைத் 'திருடிய பொருள்' என்ற கணக்கில் சேர்க்க மறுத்தது. நாம்தான் 'திருட்டு விசிடி' என்று பேர் வைத்துப் பழகிவிட்டோம்.

அதற்காக லேசான குற்றம் என்று நினைக்க வேண்டாம். முதல்முறை சாதாரணத் திருட்டில் சிக்கியவரை நீதிபதி அபராதத்தோடு விட்டுவிடலாம். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவிலோ குறைந்தது 6 மாதச் சிறை, 50,000 ரூபாய் அபராதம். அதிகபட்சம் 3 ஆண்டு, 2 லட்சம். வியாபார லாபத்துக்காக இல்லையென்றால் நீதிமன்றம் காரணம் எழுதிக் குறைக்கலாம்.

மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் வாங்கினாலும் எழுத்தாளருக்கு ஒரு பைசா போகாது. ஆனால் அது தப்பில்லை. அங்கே கை மாறுவது காசு கொடுத்து வாங்கிய அதே பிரதி. உங்கள் குழுக்காரர் ஒன்றை நூறாக்கி விற்கிறார். பொருள் போகவில்லை, எழுதியவரின் கூலி போகிறது. ராயல்டி 10 சதவீதம் என்றால் 48 ரூபாய். நான் இதைத் திருட்டு என்று சொல்ல மாட்டேன். கூலியை ஏமாற்றுவது என்பேன். உங்கள் மனைவிக்கு இரண்டும் ஒன்றாகப் பட்டால் சண்டைக்குப் போக மாட்டேன்.

இந்தச் சட்டத்தின் பிடி முதலில் விற்பவர், பரப்புபவர் மேல்தான். அந்தக் கோப்பை நீங்கள் வேறு குழுவில் போட்டிருந்தால் நீங்களும் அந்த வரிசைதான். போட்டிருந்தால் இன்றே அழித்துவிடுங்கள்.

விட்டுப்போன 16 பக்கத்துக்கு மாவட்ட நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.