பழைய செயின்சா ஸ்டார்ட் ஆகி, ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் ஏன் அணைந்துவிடுகிறது?

செகண்ட்ஹேண்டில் வாங்கிய செயின்சா இப்படிச் செய்தால், முதல் சந்தேகம் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் மேல்தான். ரப்பர் போன்ற மெல்லிய சவ்வு அது. பைக் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவை ஒரு மிதவை பார்த்துக்கொள்ளும். செயின்சாவையோ சாய்த்தும் கவிழ்த்தும் பிடித்து அறுக்கிறோம், அங்கே மிதவை சரிவராது. அதனால் இந்தச் சவ்வு வளைந்து கொடுத்துத்தான் பெட்ரோலை அளந்து விடுகிறது. பழைய பெட்ரோலோடு மாதக்கணக்கில் கிடந்தால் சவ்வு விறைத்துவிடும்; ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது தேவைப்படும் கூடுதல் பெட்ரோலை அதனால் விட முடியாது, இன்ஜின் அணைந்துவிடும். கேஸ்கட் விறைத்த குக்கர் விசில் அடிக்காதே, அதே கதை!

கார்புரேட்டரில் பொறித்திருக்கும் எண்ணைச் சொன்னால் புதுச் சவ்வோடு ரிப்பேர் கிட் கிடைக்கும். ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பெட்ரோல் குழாயையும் அப்போதே மாற்றிவிடலாம், மலிவுதான்.

கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் (ஸ்க்ரூவை) திருப்பினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். விறைத்த சவ்வை எந்தத் திருகும் இளக்காது, தவறாகத் திருப்பிப் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் சூடேறிக் கீறல் விழும்.