கையைத் தூக்கினால் எந்தப் பக்கம் சுற்றுவது? மெரெங்கே ஜோடிக்கு ஒரு பதில்

திருநகரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "நானும் என் மனைவியும் மூன்று மாதமாக மதுரையில் ஒரு ஸ்டூடியோவில் மெரெங்கே என்ற லத்தீன் ஜோடி நடனம் கற்கிறோம். அவளுக்குக் காலையில் லேடீஸ் பேட்ச், எனக்கு மாலையில் ஜென்ட்ஸ் பேட்ச். ஞாயிறு மட்டும் சேர்த்து ஆடவைக்கிறார்கள். இருபது மூவ் முடிந்துவிட்டது. மாஸ்டர் கவுண்ட் சொன்னால் சரியாக ஆடுகிறோம். வீட்டில் நாங்களாக ஆடும்போது, நான் கையைத் தூக்கியதும் 'எந்தப் பக்கம் சுத்தணும்?' என்று கேட்கிறாள். ஒவ்வொன்றையும் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. கையை முதுகுக்குப் பின்னால் மடிக்கும் ஹேமர்லாக் போட்டால் தோள் வலிக்கிறது என்கிறாள். தை மாதம் என் மைத்துனர் ரிசப்ஷனில் ஆட வேண்டும். அட்வான்ஸ்டு பேக்கேஜில் சேர்ந்தால் இன்னும் முப்பது மூவும் இன்டர்நேஷனல் சர்டிபிகேட்டும் தருவதாகச் சொல்கிறார்கள். 15,000 ரூபாய். சேரலாமா?"

பணக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். சேர வேண்டாம். இருபது மூவ் தெரிந்தும் ஒன்றைக்கூட வாய் திறக்காமல் ஆடவைக்க முடியவில்லை என்றால், இன்னும் முப்பது சேர்ந்தால் ஐம்பதுக்கும் வாய் திறக்க வேண்டிவரும், அவ்வளவுதான். உங்களுக்கு லீட், அதாவது வாயால் சொல்லாமல் உடம்பாலும் கையாலும் துணைக்கு வழிகாட்டுவது, வரவில்லை. வராததற்குக் காரணமும் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: அவருக்குக் காலை, உங்களுக்கு மாலை.

ஜோடி நடனத்தை ஜோடியைப் பிரித்து உட்காரவைத்துச் சொல்லித்தருகிற கூத்தை எங்கே போய்ச் சொல்வது! நம் ஊருக்கு மெரெங்கே பெரும்பாலும் ஜும்பா என்ற நடன உடற்பயிற்சி வகுப்பு வழியாகத்தான் வந்தது. ஜும்பாவின் அடிப்படைத் தாளங்களில் அதுவும் ஒன்று. ஆனால் அது தனியாள் ஆட்டம். கண்ணாடியைப் பார்த்து, முன்னால் நிற்பவரைப் பார்த்து ஆடுவது. அப்படிக் கற்ற பலர், இடையில் பள்ளி ஆண்டு விழாக்களுக்கு வரிசை கட்டிப் பிள்ளைகளை ஆடவைத்துப் பழகியவர்கள், அதே கையோடு 'கப்பிள் டான்ஸ்' போர்டு மாட்டிவிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் மாட்டலாம், கேட்பாரில்லை. விளைவு என்ன? உங்கள் மனைவி மூன்று மாதமும் உங்களைப் பின்தொடரப் பழகவில்லை. வரிசையை மனப்பாடம் செய்யப் பழகியிருக்கிறார். மாஸ்டர் கவுண்ட் சொல்லும்போது ஆட்டம் வருவதும், வீட்டில் வராததும் இதனால்தான். அவர் கேட்கும் கேள்வி ரொம்ப நியாயமானது. உங்கள் கை அவருக்கு எதுவும் சொல்லவில்லை.

சரி, கை எப்படிச் சொல்லும்?

கைக்கு முன்னால் கால். மெரெங்கே கற்க எளிது என்பதற்கு ஒரே காரணம், தாளத்தின் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு அடி, நிறுத்தமே இல்லை. சால்சா மாதிரி நாலாவது, எட்டாவது எண்ணில் காத்திருக்கும் வேலை கிடையாது. நீங்கள் இடது காலில் தொடங்குகிறீர்கள், அவர் வலது காலில். எட்டு அடி, மறுபடி எட்டு அடி. இடுப்பை ஆட்டாதீர்கள், ஜும்பாவில் பிடித்த அந்தப் பழக்கத்தை முதலில் விட வேண்டும். முழங்காலை மடித்துப் பாதத்தை வையுங்கள், அப்புறம் உடல் பாரத்தை அந்தக் காலுக்கு மாற்றியபடியே முழங்காலை நிமிர்த்துங்கள். இடுப்பு தானாக அந்தப் பக்கம் போகும். பாரம் முழுதாக மாற வேண்டும், அதுதான் முக்கியம். பாரம் இரண்டு காலிலும் பாதிப் பாதியாக நிற்கிற ஆணிடமிருந்து பெண்ணுக்கு எந்தச் செய்தியும் போகாது.

இப்போது பிடி. உங்கள் வலது உள்ளங்கை அவருடைய முதுகில், இடது தோள்பட்டை எலும்பின் மேல், விரல்கள் சேர்ந்து, தட்டையாக. இடுப்பில் கை வைப்பது சினிமாவுக்குச் சரி. அங்கிருந்து லீட் போகாது. அவருடைய இடது கை உங்கள் மேல்கையின் மேல் படுத்திருக்கும். அவரும் தன் கையைத் துணிக்கொடியில் போட்டதுபோல் தொங்கவிடாமல், உங்கள் கைக்குக் கொஞ்சம் எதிர் அழுத்தம் தர வேண்டும். இரண்டு பேருக்கும் இடையில் இந்தச் சின்ன அழுத்தம் இருந்தால், நீங்கள் நெஞ்சைத் திருப்பினாலே அவர் திரும்புவார்.

நம்பிக்கை வரவில்லையா? ஒரு பயிற்சி. இரண்டு பேரும் எதிரெதிரே நின்று, உள்ளங்கைகளை நெஞ்சு உயரத்தில் வைத்து, ஒவ்வொரு ஜோடிக் கைக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் தாள். விரல் கோக்கக் கூடாது, பிடிக்கக் கூடாது. அவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். நீங்கள் தட்டுக்கு ஒரு அடியாக முன்னே, பின்னே, பக்கவாட்டில் நடங்கள். தாள் விழுந்தால் யாரோ ஒருவர் அழுத்தத்தை விட்டுவிட்டீர்கள். கசங்கினால் நீங்கள் தள்ளுகிறீர்கள். உடம்பு நகர்வதற்கு முன்னால் உங்கள் கை மட்டும் நீண்டால் அவர் முழங்கை பின்னால் மடிந்துபோகும், கால் நகராது. வீட்டில் கேள்வி பிறக்கும் இடம் அதுதான். பாட்டே போடாமல் பத்து நிமிடம், தினமும். இதற்கு யாரும் 15,000 ரூபாய் வாங்க முடியாது என்பதால்தானோ என்னவோ, எந்தப் பேக்கேஜிலும் இது இருப்பதில்லை.

எந்தப் பக்கம் சுற்றுவது என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் இடது கை அவருடைய வலது கையைப் பிடித்திருக்கிறது. அந்தக் கை அவருடைய வலப்பக்கமே நின்று உயர்ந்தால், கீழே ஒரு வாசல் திறக்கிறது. கூடவே முதுகில் இருக்கும் உங்கள் வலது உள்ளங்கை மெல்ல வழியனுப்பினால் அவர் வலமாகச் சுற்றுவார். அதே கை அவர் முகத்துக்கு முன்னால் குறுக்கே போய் அவருடைய இடப்பக்கம் உயர்ந்தால், இடமாகச் சுற்றுவார். இவ்வளவுதான் ரகசியம். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்றால், கையை நேராக நடுவில், அவர் உச்சந்தலைக்கு மேல் தூக்கிவிட்டு நிற்கிறீர்கள். இரண்டு வாசலும் மூடியிருக்கிறது. அவர் கேட்கத்தான் செய்வார்.

இன்னொன்று நேரம். ஒன்று என்ற எண்ணில் அவர் சுற்றத் தொடங்க வேண்டுமானால், கை ஏழு, எட்டிலேயே உயர்ந்திருக்க வேண்டும். ஒன்றில் தூக்கினால் அவர் மூன்றில்தான் கிளம்புவார், ஆட்டம் பின்தங்கும். எட்டு எங்கே வருகிறது என்று தெரியவில்லையா? மெரெங்கேயில் தம்போரா என்று ஒரு கருவி உண்டு. இருமுகத் தோல்வாத்தியம், ஒரு பக்கம் குச்சி, மறுபக்கம் வெறும் கை. மதுரையில் தவில் கேட்டு வளர்ந்த காதுக்கு அதைப் பிரித்தறிவது பெரிய வேலையில்லை. பல பாடல்களில் தம்போராக்காரர் ஒன்றில் விழுவதற்குச் சற்று முன்னால் குச்சியால் ஒரு சின்ன உருட்டு உருட்டுவார். அந்த உருட்டு கேட்கும்போது உங்கள் கை மேலே போய்க்கொண்டிருக்க வேண்டும். கூடவே கரகரவென்று உலோகத்தைச் சுரண்டும் சத்தம் வரும், அது குயிரா. அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

அவர் ஒரு சுற்றை எட்டு அடியில் முடிக்கட்டும். இரண்டே அடியில் பம்பரமாகச் சுழற்றுவது இந்த நடனமே கிடையாது. அவர் நடந்தே சுற்றுகிறார், நீங்களும் நின்ற இடத்தில் நடந்துகொண்டே இருக்கிறீர்கள். அவர் சுற்றும்போது கையை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். உங்கள் இரண்டு விரலை நீட்டுங்கள், அவர் விரல்கள் அதைச் சுற்றிக்கொள்ளட்டும், கட்டைவிரலைப் போட்டு இறுக்காதீர்கள். கை அவர் நெற்றிக்கு மேலே இருக்க வேண்டும். ரிசப்ஷன் அன்று தலையில் மல்லிகைச் சரம் இருக்கும், நெத்திச்சுட்டி இருக்கும். வீட்டில் நைட்டியோடு பழகும்போது உரசாத கை அன்றைக்குப் பூவை இழுத்துக்கொண்டு வரும். ஆகவே கடைசி வாரப் பயிற்சியைத் தலையில் பூவோடு, கையில் கண்ணாடி வளையலோடு, பட்டுப்புடவையிலேயே செய்யுங்கள். மெரெங்கே அடிகள் சின்னவை, புடவைக் கொசுவத்துக்குள்ளேயே அடங்கிவிடும். புடவையில் ஆட முடியாது, கவுன் வாடகைக்கு எடுங்கள் என்று எந்த ஈவென்ட்காரராவது சொன்னால், கவுன் கடையிலிருந்து அவருக்கு எவ்வளவு கமிஷன் என்று கேளுங்கள்.

ஈவென்ட்காரர்கள் என்றதும் ஒரு எச்சரிக்கை. மண்டபம் பேசும்போதே 'கப்பிள் டான்ஸ் கோரியோகிராபி' என்று ஒரு வரியை எஸ்டிமேட்டில் நுழைத்துவிடுகிறார்கள். சொல்லித்தருபவருக்குப் போவது அதில் ஒரு பங்குதான், மீதி நடுவில் நிற்பவருக்கு. சர்டிபிகேட் கதை இதைவிட மோசம். உலகப் போட்டிகளில் ஆடப்படும் லத்தீன் நடனங்கள் ஐந்து: சம்பா, சா-சா-சா, ரும்பா, பாசோ டோப்ளே, ஜைவ். மெரெங்கே அந்தப் பட்டியலிலேயே இல்லை. அப்புறம் எந்த இன்டர்நேஷனலுக்கு இந்தச் சர்டிபிகேட்? யுனெஸ்கோ பெயரையும் இழுப்பார்கள். 2016-ல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது டொமினிக்கன் குடியரசின் மெரெங்கே மரபை; பைபாஸ் ரோட்டு மாடியறையை அல்ல. சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட ஆசை என்றால் ரிசப்ஷன் போட்டோவை மாட்டுங்கள்.

எந்த ஸ்டூடியோவையும் ஒரே கேள்வியில் எடைபோடலாம். "ஃபாலோ செய்பவருக்கு என்ன சொல்லித்தருவீர்கள்?" என்று கேளுங்கள். பதிலுக்கு மூவ் எண்ணிக்கை வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

தோள் வலி விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாருமே சொல்வதில்லை. ஹேமர்லாக்கில் இரண்டு கைகளையும் பிடித்தபடியே அவரை வலமாகச் சுற்றவிடுகிறீர்கள். உங்கள் இடது கை மேலே, வலது கை கீழே. சுற்று முடியும்போது அவருடைய இடது கை முதுகுக்குப் பின்னால் மடிந்திருக்கும். அந்தக் கை இடுப்பு மட்டத்திலேயே இருக்க வேண்டும். பெரும்பாலான ஆண்கள் தெரியாமலே அதை மேலே ஏற்றிவிடுகிறார்கள், வலி அங்கேதான். முதலில் ஆட்டமில்லாமல் சோதியுங்கள். அவர் தானாக, நீங்கள் தொடாமல், இடது கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்பின் நடுவில் புறங்கையை வைக்கட்டும், முந்தானையைப் பின்பக்கம் செருகுவதுபோல. சிரமமில்லாமல் வந்தால் சரி, தாழ்த்திப் பிடித்து ஆடலாம். கை இடுப்பு எலும்போடு நின்றுவிட்டாலோ, தோளின் முன்பக்கம் சுள்ளென்றாலோ, ஹேமர்லாக் அவருக்கு வேண்டாம். பழகப் பழகச் சரியாகிவிடும் என்று மாஸ்டர் சொன்னாலும் வேண்டாம். தோள் இறுகிப்போகும் தொல்லை நாற்பதைத் தாண்டியவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் அதிகம். முதலில் முரண்டு பிடிக்கும் அசைவுகளில் இந்தப் பின்பக்க மடிப்பும் ஒன்று. முன்பு எப்போதாவது தோள் மூட்டு நழுவியவர் என்றால் கதை வேறு. அவருக்குப் பின்னால் மடிப்பதைவிட, கையை உயர்த்திப் பின்பக்கமாகத் திருப்புவதுதான் ஆபத்து. அதனால் சாதாரணச் சுற்றிலேயே கை அவர் தலைக்குப் பின்னால் போய்விடாமல் எப்போதும் முகத்துக்கு முன்பக்கம் இருக்க வேண்டும். இதில் எந்த வகை என்று தெரியாவிட்டால் எலும்பு டாக்டரிடம் ஒரு முறை காட்டுங்கள். டான்ஸ் மாஸ்டரிடம் காட்டாதீர்கள்.

ஹேமர்லாக் போனால் என்ன மிச்சம் என்று கவலை வேண்டாம். ரிசப்ஷனுக்கு இவ்வளவு போதும்: அணைத்த பிடியில் நின்ற இடத்திலேயே இருவரும் சேர்ந்து மெல்ல வட்டமடிப்பது, வலச் சுற்று, இடச் சுற்று, அப்புறம் ராப். ராப் என்பது இரண்டு கையும் பிடித்தபடி, இடது கையைக் குறுக்கே உயர்த்தி அவரை இடமாக அரைச் சுற்றுக் கொண்டுவந்து உங்கள் வலது பக்கம் நிறுத்துவது. இருவரும் சபையைப் பார்த்து நிற்பீர்கள், போட்டோக்காரர் சந்தோஷப்படுவார். எட்டு அடி அப்படியே நடந்துவிட்டு, வந்த வழியே வலமாக அவிழ்த்துவிடுங்கள். வளையல் போட்ட கையை உங்கள் முன்கையால் நெருக்காதீர்கள், உடையும். மூவுக்கும் மூவுக்கும் நடுவில் குறைந்தது ஒரு எட்டு சும்மா நடங்கள். அந்த எட்டில்தான் அடுத்து என்ன என்று நீங்கள் யோசிப்பீர்கள், அவர் மூச்சு விடுவார்.

கடைசியாக, பாட்டு. 15 விநாடிக்கு எத்தனை தட்டு என்று எண்ணுங்கள். 30 முதல் 33 வரை என்றால் உங்களுக்குச் சரி. அக்கார்டியன் தூக்கலாக ஓடும் கிராமத்து மெரெங்கே இதைவிட வெகு வேகம், பக்கம் போகாதீர்கள். பாட்டைப் பென்டிரைவில் நீங்களே கொண்டுபோய், 'மிக்ஸ் போடக்கூடாது, ஸ்பீடு மாற்றக்கூடாது' என்று டிஜேயிடம் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள், அவர்கள் கை சும்மா இருக்காது. இரவு 10 மணிக்கு மேல் திறந்த இடத்தில் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். மேடையில் மொய்க்கூட்டமும் போட்டோ வரிசையும் முடிய ஒன்பதரை ஆகும். ஆகவே எட்டு மணிக்கு முன்னாலேயே உங்கள் பாட்டுக்கு நேரம் கேட்டு வாங்கி, அதை மைத்துனரிடமே சொல்லிவையுங்கள், ஈவென்ட்காரரிடம் விடாதீர்கள்.