காணிக்கைப் பையில் வந்த கேள்விகள்

மாலை ஆராதனை முடிந்ததும் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் காணிக்கைப் பையைச் சுற்றவிட்டார்கள். காசுக்கு அல்ல, சீட்டுக்கு. வேதாகமத்தை மேல்படிப்பாகப் படிப்பது பற்றி எதையும் எழுதிப் போடலாம், இருபது வருடம் புதிய ஏற்பாடு நடத்திய நான் பதில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. மதுரைச் சுற்றுவட்டாரச் சபைகளிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். முதல் சீட்டிலேயே "ஐயரம்மாவுக்கு ஸ்தோத்திரம்" என்று இருந்தது. நம் பக்கத்தில் ஐயர் என்றால் சபைப் போதகர், ஐயரம்மா என்றால் ஐயருடைய மனைவி. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். நான்தான் ஐயர். சரி, கேள்விக்கு வருவோம்.

பி.காம். முடித்துவிட்டேன். நேராக எம்.டிஹெச். சேர முடியுமா? (திருமங்கலம்)

முடியாது தம்பி. எம்.டிஹெச். என்பது இறையியலில் இரண்டாவது பட்டம். அதற்கு முன்னால் முதல் பட்டமான பி.டி. வேண்டும். உங்களைப் போல ஒரு டிகிரியோடு வருகிறவருக்கு அதுவே நாலு வருடம். பிறகு இரண்டு வருடம் எம்.டிஹெச்., அதற்குள் ஓர் ஆய்வேடு. நம் அரசரடியில் 1969 முதல் இருக்கிற தமிழ்நாடு இறையியல் கல்லூரி இறையியல் பட்டங்கள் கொடுக்கிற செராம்பூர் செனட்டோடு இணைந்தது. செராம்பூர் என்றால் வங்காளத்தில் மிஷனரி வில்லியம் கேரியும் கூட்டாளிகளும் 1818-ல் தொடங்கிய கல்லூரி. 1827-ல் டென்மார்க் ராஜா கொடுத்த சாசனத்தை வைத்துத்தான் பட்டம் கொடுக்கும் உரிமை வந்தது. தமிழிலேயே இறையியல் கற்றுக்கொடுப்பதில் அரசரடிக்குப் பேர் உண்டு. ஆங்கிலத்துக்குப் பயந்து பின்வாங்க வேண்டாம்.

ஊழியத்துக்குப் போகிற எண்ணம் இல்லை, படிக்க மட்டும் ஆசை என்றால் வேறு வழியும் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ இயல் துறை என்றே ஒன்று உண்டு. வேலை பார்த்துக்கொண்டே படிக்க, செராம்பூரே சபை மக்களுக்கென்று வெளிவாரிப் படிப்புகள் வைத்திருக்கிறது.

தமிழ் மீடியத்தில் படித்தவன். எபிரேயம், கிரேக்கம் எல்லாம் எனக்கு ஏறுமா? (பேரையூர்)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஏற்பாட்டில் எம்.டிஹெச். என்றால் எபிரேயம் கட்டாயம், புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கம். கிரேக்கத்தில் பெயர்ச்சொல் வேற்றுமைக்கு வேற்றுமை உருமாறும். இங்கிலீஷ் மட்டும் தெரிந்தவருக்கு வேற்றுமை என்றால் என்ன என்று விளக்கவே ஒரு வாரம் ஆகும். ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று பள்ளிக்கூடத்தில் பிரம்படியோடு படித்தவர்கள் நாம். எட்டு வேற்றுமை பார்த்தவனுக்குக் கிரேக்கத்தின் ஐந்து என்ன பெரிசு? வினையெச்சத்தையும் பாருங்கள். யோசேப்பு ராத்திரியில் "எழுந்து, பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு" எகிப்துக்குப் போனான். அந்த "எழுந்து" கிரேக்கத்தில் நிற்கிற விதமும் தமிழில் நிற்கிற விதமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இனி, ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம். எபிரேயத்தில் ரூவாக். காற்றும் அதுதான், மூச்சும் அதுதான், கடவுளுடைய ஆவியும் அதுதான். கிரேக்கத்து ப்நியூமாவும் அப்படியே. நமக்கு ஆவி இருக்கிறது. இட்லிக் கொப்பரையைத் திறந்தால் முகத்தில் அடிப்பதும் ஆவி, செத்தவனை விட்டுப் போவதும் ஆவி, ஆதியாகமத்தின் தொடக்கத்தில் ஜலத்தின்மேல் அசைவாடுவதும் ஆவி. ஆனால் வீசுகிற காற்றை நாம் ஆவி என்பதில்லை. அதனால் யோவான் மூன்றாம் அதிகாரத்தில் இயேசு ஒரே சொல்லை வைத்து நிக்கொதேமுவோடு விளையாடுகிற இடத்தில், தமிழ் மொழிபெயர்ப்பு காற்று என்றும் ஆவி என்றும் இரண்டாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. விளையாட்டு போய்விட்டது.

சில இடத்தில் தமிழ்தான் மூலத்தைவிடத் தெளிவாக இருந்து நம்மை மாட்டிவிடும். மாற்கு நாலில் படகு முழுகப்போகிறது. சீஷர்கள் தூங்குகிற இயேசுவை எழுப்புகிறார்கள். பழைய மொழிபெயர்ப்பில் "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்று இருக்கிறது. நாங்கள் என்றால் அவரைச் சேர்க்கவில்லை. நாம் என்று போட்டிருந்தால் அவரும் சேர்ந்து முழுகுகிறார். கிரேக்கத்தில் இந்தப் பிரிவினையே கிடையாது, "மடிகிறோம்" மட்டும்தான். 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் "சாகப்போகிறோமே" என்று வினைமுற்றோடு நிறுத்தி நழுவிவிட்டது. கெட்டிக்காரத்தனம். அந்தச் சீஷர்கள் இயேசுவைத் தங்களில் ஒருவராக எண்ணினார்களா, கரையில் நிற்கிறவரைப் போல எண்ணினார்களா என்பதற்கு ஓர் ஆய்வேடே எழுதலாம். இங்கிலீஷில் யோசிக்கிறவருக்கு இந்தக் கேள்வி சுலபத்தில் எழாது தம்பி. உங்களுக்கு எழும்.

அம்மா, என் மகன் வேதம் படிக்கப் போய் விசுவாசத்தைத் தொலைத்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. (உசிலம்பட்டி, ஒரு தாய்)

பயப்படுவது நியாயம். என் கதையைச் சொல்கிறேன். மாற்கு சுவிசேஷத்தின் மிகப் பழைய முழுப் பிரதிகள் இரண்டும் நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இரண்டிலும் கடைசி அதிகாரம் எட்டாம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. கல்லறைக்குப் போன பெண்கள் பயந்து, ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் ஓடுகிறார்கள். முடிந்தது. அதற்குப் பிறகு நாம் வாசிக்கிற வசனங்கள் அவற்றில் இல்லை. வகுப்பில் இதைக் கேட்ட அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலைந்து நாள் ஜெபம் பண்ணவும் முடியவில்லை.

சில வருடம் கழித்து ஒரு கிராமத்தில் அடக்க ஆராதனை. பாம்பு கடித்து இறந்த இருபது வயதுப் பையன். அவனுடைய அம்மாவிடம் "சந்தோஷமாயிருங்கள், உயிர்த்தெழுதல் உண்டு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த எட்டாம் வசனத்தைத்தான் வாசித்தேன். உயிர்த்தெழுந்த செய்தியைக் கேட்டும் நடுங்கி வாயடைத்துப் போன பெண்கள் வேதத்திலேயே இருக்கிறார்கள் என்று சொன்னேன். அந்தத் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். படிப்பு என்னிடமிருந்து எடுத்தது ஒன்று, கொடுத்தது ஒன்று. உங்கள் மகனுக்கும் தூக்கம் வராத ராத்திரிகள் வரும். அப்போது போன் பண்ணினால் வாதம் பண்ணாமல், சாப்பிட்டாயா என்று கேளுங்கள். போதும்.

நான் கத்தோலிக்கன். 'ஆன்மிகம்' என்று ஒரு பாடமாக என்னதான் கற்றுக்கொடுப்பார்கள்? (கருமாத்தூர், கல்லூரி மாணவர்)

உங்கள் கல்லூரியை நடத்துகிற சேசு சபையிலிருந்தே தொடங்கலாமே. அதைத் தொடங்கிய இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளுக்கு 1548-ல் பாப்பரசர் ஒப்புதல் கிடைத்தது. முப்பது நாள் மௌனம். நாலு வாரம் என்று பிரித்திருப்பார்: பாவம், இயேசுவின் வாழ்வு, பாடு, உயிர்ப்பு. ஒரு காட்சிக்குள் நாமே போய் நின்று பார்க்க வேண்டும், கேட்க வேண்டும். இவற்றையும் எகிப்து வனாந்தரத்துத் துறவிகளையும் ஸ்பெயின் துறவி அவிலா தெரேசாவையும் நூலாக வாசிப்பார்கள், வரலாற்றில் வைத்துப் பார்ப்பார்கள், தாங்களும் பயின்று பார்ப்பார்கள். மூன்றாவது இல்லாத இடத்தில் சேராதீர்கள்.

உங்கள் மடங்களில் வேதத்தை அசைபோடுவது என்பார்கள், மாடு மாதிரி. முதலாம் சங்கீதத்தில் நாம் "தியானமாயிருக்கிற" என்று வாசிக்கிற எபிரேயச் சொல்லுக்கு வாய்க்குள் முணுமுணுப்பது என்று பொருள். ஏசாயாவில் இரையைப் பிடித்த சிங்கம் உறுமுவதற்கும் அதே சொல். கண்ணை மூடி அமைதியாக உட்காருவது என்று நாம் நினைத்திருக்க, அந்தச் சங்கீதக்காரன் வாய்விட்டு உறுமிக்கொண்டிருந்திருக்கிறான்!

நம் ஊரையும் விட்டுவிடாதீர்கள். 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலியரான தத்துவ போதகர், ராபர்ட் தெ நொபிலி, காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றார். அருள், பூசை, குரு என்று இந்த மண்ணின் சொற்களில் பேசினார். சாதி வழக்கத்தை அவர் அனுசரித்ததை இன்றைக்குக் கேள்வி கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். அரசரடியில், ஒடுக்கப்பட்டவர்களின் பார்வையில் வேதத்தை வாசிக்கிற தலித் இறையியல் வளர்ந்த ஊரில் இருந்துகொண்டு அதைக் கேட்காமல் நொபிலியைப் புகழ்ந்து மட்டும் ஒரு கட்டுரை எழுதினால், நான் மதிப்பெண் போட மாட்டேன்.

படித்தால் வேலை கிடைக்குமா? (பெயர் இல்லை)

திருமண்டலம், அதாவது சபைகளை நிர்வகிக்கிற அமைப்பு, அனுப்பிப் படித்தால் திரும்பி வர ஒரு சபை இருக்கும். சொந்தமாகப் படித்தால் வேதாகமக் கல்லூரிகளில் கேட்டுப் பார்க்க வேண்டும். சம்பளம் கொஞ்சம்தான். கல்யாணத்துக்கு முன்னாலேயே பெண் வீட்டில் சொல்லிவிடுங்கள்.

நான் கிறிஸ்தவன் இல்லை. தமிழ் எம்.ஏ. தேம்பாவணியை ஆராய விவிலியம் படிக்க வேண்டுமா? (மேலூர்)

கட்டாயம். ஆனால் வீரமாமுனிவர் பாடியது சூசையப்பரை, அதாவது முன்னே சொன்ன யோசேப்பை. விவிலியத்தில் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. மத்தேயு, லூக்கா இரண்டின் முதல் இரண்டிரண்டு அதிகாரங்களை நாலைந்து தரம் வாசித்துவிட்டுக் காப்பியத்துக்குப் போங்கள். கவிஞர் எங்கே தானாக நெய்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரியும்.

பைபிள்ல தமிழ் வார்த்தை இருக்காமே, நிஜமா? (பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு)

இந்தச் சீட்டில் மயில் படம் வேறு வரைந்திருக்கிறது, அதனால் விடை உனக்கே தெரியும் என்று நினைக்கிறேன். 1 இராஜாக்கள் 10:22. மூன்று வருடத்துக்கு ஒரு தரம் சாலொமோனின் கப்பல்கள் பொன்னும் வெள்ளியும் தந்தமும் குரங்குகளும் 'துக்கீயிம்' என்பதும் கொண்டுவரும். மயிலைக் குறிக்கிற நம் தோகைதான் அப்படித் திரிந்தது என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். இல்லை, அது இன்னொரு வகைக் குரங்கு என்று சொல்கிறவர்களும் உண்டு. அழகர்கோயில் மலைக்குப் போனால் இரண்டையும் பார்க்கலாம்.