நீதிபதிக்கும் ஒரு வாழ்க்கை இருக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஜட்ஜுங்களைப் பத்தி நிறைய படிக்கிறோம். கீழ ஃபெடரல் கோர்ட்ல சாட்சி விசாரிச்சு தீர்ப்பு சொல்ற ஜட்ஜுங்கள்ல உங்க மனசுல நிக்கிறவங்க யாரு?

பதில்: கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி. யோசிக்காமலே சொல்வேன். 1921ல நியூ ஹேவன்ல பிறந்தவங்க, 12 பிள்ளைங்கள்ல ஒன்பதாவது, அப்பா யேல் பல்கலைக்கழக மாணவர் கிளப்புகள்ல சமையல்காரர். காலேஜுக்குப் பணம் இல்ல. ஒரு கூட்டத்துல இந்தப் பொண்ணு பேசினதைக் கேட்ட கிளாரன்ஸ் பிளேக்ஸ்லீங்கற தொழிலதிபர் கூப்பிட்டு நான் படிக்க வைக்கிறேன்னு சொன்னார், சொன்னபடி சட்டப் படிப்பு வரைக்கும் ஃபீஸ் கட்டினார். அந்த மனுஷனை நினைச்சா எனக்கு இன்னிக்கும் நெஞ்சு நெகிழுது.

1946ல கொலம்பியா பல்கலைக்கழகத்துல சட்டம் முடிச்சாங்க. சிவில் உரிமை வக்கீல் தர்குட் மார்ஷல்கிட்ட வேலை பார்த்து, தெற்கு மாநிலங்கள்ல நிறவெறிக்கு எதிரா கேஸ் நடத்தினாங்க. இவங்க கறுப்பினத்தவங்கன்னு ஹோட்டல்ல ரூம் தரமாட்டாங்க, பர்மிங்ஹாம்ல ஆர்தர் ஷோர்ஸ்ங்கற வக்கீல் வீட்டுல தங்கினப்போ வெளிய துப்பாக்கியோட ஆளுங்க காவல் இருந்தாங்க, காலையில அங்கேருந்து கிளம்பிப் போய் கோர்ட்ல வாதாடணும். ஜேம்ஸ் மெரிடித்ங்கற கறுப்பின மாணவர் 1962ல, வெள்ளையர்களுக்கு மட்டும்னு இருந்த மிசிசிப்பி பல்கலைக்கழகத்துல சேர முடிஞ்சது இவங்க நடத்தின கேஸாலதான். சுப்ரீம் கோர்ட்ல 10 கேஸ் வாதாடி 9 ஜெயிச்சாங்க. தோத்தது கறுப்பினத்தவங்களை ஜூரியிலருந்து (கேஸைக் கேட்டு முடிவு சொல்ற பொதுமக்கள் குழு) ஒதுக்குறதைப் பத்தின கேஸ், அதுலயும் 1986ல சுப்ரீம் கோர்ட் தன்னோட நிலையை மாத்திக்கிச்சு.

கேள்வி: ஜட்ஜ் ஆனது சுலபமா நடந்துச்சா?

பதில்: இல்ல. ஜனாதிபதி ஜான்சன் 1966 ஜனவரியில நியூயார்க் ஃபெடரல் கோர்ட் ஜட்ஜ் பதவிக்கு இவங்க பேரை செனட் ஒப்புதலுக்கு அனுப்பினார். செனட் நீதிக் கமிட்டித் தலைவர் மிசிசிப்பியின் ஈஸ்ட்லண்ட், மாசக்கணக்கா இழுத்தடிச்சார். ஆகஸ்ட்லதான் ஒப்புதல் வந்துச்சு. அந்த நாட்டோட முதல் கறுப்பினப் பெண் ஃபெடரல் ஜட்ஜ் இவங்கதான்.

கேள்வி: பாகுபாட்டை அனுபவிச்சவங்க பாகுபாடு கேஸை நடுநிலையா விசாரிக்க முடியுமா?

பதில்: இதே கேள்வியை அவங்க முகத்துக்கு நேராவே கேட்டாங்க. 1975ல, பெண் வக்கீலுங்களைப் பாகுபாடா நடத்துறாங்கன்னு நியூயார்க்ல ஒரு பெரிய லா ஃபர்ம் மேல கேஸ். நீங்க பெண், சிவில் உரிமை வக்கீலா இருந்தவங்க, அதனால விலகிக்கணும்னு எதிர்த்தரப்பு மனு போட்டுச்சு. இவங்க மறுத்துட்டாங்க. பால், இனம், பின்னணி இதையெல்லாம் வச்சு ஜட்ஜை விலக்கலாம்னா இந்தக் கோர்ட்ல ஒருத்தரும் இந்தக் கேஸைக் கேக்க முடியாது, எல்லாரும் வக்கீலா இருந்தவங்க, எல்லாருக்கும் ஒரு பால் இருக்குன்னு எழுதினாங்க. ஆண்ங்கறதுக்காக ஒரு ஜட்ஜை விலகச் சொல்லுவாங்களா, அதை நினைச்சுப் பார்த்தா எனக்குக் கோபம்தான் வருது.

1978ல இன்னொரு தீர்ப்பு. நியூயார்க் யாங்கீ ஸ்டேடியத்துல பேஸ்பால் ஆட்டம் முடிஞ்சதும் ஆண் நிருபர்கள் வீரர்கள் உடை மாத்துற லாக்கர் ரூமுக்குள்ள போய் பேட்டி எடுப்பாங்க, மெலிசா லட்கேங்கற பெண் நிருபருக்கு மட்டும் கதவு மூடியிருக்கும். வீரர்களோட மானத்துக்காகன்னு காரணம் சொன்னாங்க. திரை போடலாம், டவல் கட்டிக்கலாம், வேற வழி இருக்குன்னு சொல்லி கதவைத் திறக்க வச்சாங்க மோட்லி.

கேள்வி: எப்போ ரிட்டயர் ஆனாங்க?

பதில்: ஃபெடரல் ஜட்ஜ் பதவி ஆயுளுக்கும். 1982ல தலைமை ஜட்ஜ், 1986லருந்து சீனியர் ஜட்ஜ், அதாவது வேலையைக் குறைச்சுக்கிட்டுப் பதவியில தொடர்ற ஜட்ஜ். 2005ல, 84 வயசுல இறந்தப்பவும் அதே கோர்ட்ல ஜட்ஜாத்தான் இருந்தாங்க.