கொழும்பில் எந்த ரயிலில் ஏறுவது? - வாசகர் கேள்வி பதில்

கொழும்பு நகரின் கடலோர ரயில் பாதையைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் குமரி மாவட்டத்திலிருந்து மட்டும் இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவற்றில் ஐந்துக்கு இங்கே விடை தருகிறேன்.

கேள்வி: ஐயா, நான் மார்த்தாண்டத்தில் கல்லூரியில் படிக்கிறேன். சிறு வயதிலிருந்தே ரயில் என்றால் எனக்கு உயிர். கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு ஐந்து நாள் போகிறேன். எல்லோரும் மலைநாட்டு ரயிலில் போ என்கிறார்கள். எனக்கோ நகரத்துக்குள் ஓடும் ரயில்களையும் பேருந்துகளையும் பார்க்கத்தான் விருப்பம். எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: தங்கள் விருப்பத்தை யாருக்காகவும் மாற்றிக்கொள்ள வேண்டாம். மலைப்பாதை எங்கும் போய்விடாது. கைகாட்டிகளையும், ஒற்றைப் பாதையில் எதிர் வண்டி வராது என்பதற்கு அடையாளமாக நிலையத்தில் ஓட்டுநரிடம் கொடுக்கும் டேப்லட் வளையத்தையும் பார்க்க ஆசை இருந்தால் இன்னொரு முறை பதுளை வரை போய்க்கொள்ளலாம். இந்த ஐந்து நாள்களுக்கு நான் சொல்லக்கூடிய யோசனை ஒன்றுதான். நகரின் எல்லாப் பாதைகளிலும் ஏறி இறங்கிக் கணக்கை முடிக்க முயலாமல், ஒரே பாதையில் வெவ்வேறு வேளைகளில் நான்கு முறை பயணம் செய்யுங்கள். குழித்துறை நிலையத்தில் எந்த வண்டி எதற்காகக் காத்து நிற்கும், எந்தப் பெட்டி படிக்கட்டுக்கு நேராக வந்து நிற்கும் என்பதெல்லாம் தங்களுக்குத் தெரிந்திருக்கும். அது ஒரு நாளில் தெரிந்ததன்று, திரும்பத் திரும்ப அதே வண்டியில் போனதால் தெரிந்தது. வெளிநாட்டு நகரத்திலும் அப்படித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

வெள்ளவத்தை நிலையம் அந்தக் கடலோரப் பாதையிலேயே இருப்பது தங்கள் நல்லூழ். முதல் நாள் காலை அலுவலக நேரத்தில் அங்கிருந்து வடக்கே, நகரின் முதன்மை ரயில் நிலையமான கோட்டைக்குப் போங்கள். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு என்று நிலையங்கள் அடுத்தடுத்து வரும். ஒவ்வொன்றிலும் பெயர்ப்பலகை சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். ரயிலை அங்கே ‘புகையிரதம்’ என்று எழுதியிருப்பார்கள். நிலைய மேலாளருக்கு ‘நிலைய அதிபர்’ என்று பெயர். நமக்குப் புதிதாகத் தோன்றும் இந்தச் சொற்களையும் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள், அவையும் அந்த ரயில்வேயின் பகுதிதான். இரண்டாவது பயணத்தை நண்பகலில், கூட்டம் இல்லாத வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவில் பாறைகளைக் கொட்டி வைத்திருப்பதையும், உப்புக் காற்றில் இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது என்பதையும் அப்போதுதான் நின்று நிதானமாகப் பார்க்க முடியும். மூன்றாவது முறை மாலை ஐந்து மணிக்குமேல் கோட்டையிலிருந்து தெற்கே கல்கிசை, மொறட்டுவை வழியாகப் பாணந்துறை வரை போங்கள். தெற்கு நோக்கிப் போகும்போது கடல் வலப்பக்கம் வரும். இடம் கிடைக்காது, நின்றுகொண்டே போவதில் குறையில்லை, ஆனால் வாசல் படியில் தொங்கிக்கொண்டு போகும் இளைஞர்களோடு சேர்ந்துகொள்ளாதீர்கள். நான்காவது பயணம் ஞாயிற்றுக்கிழமை. அன்று அதே வண்டிகளில் குடும்பங்கள் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருக்கும்.

நம் மாவட்டத்து ரயில் கன்னியாகுமரி வரை வந்தும் கடலைப் பார்ப்பதில்லை. 1979-இல் திருவனந்தபுரத்திலிருந்து வந்த பாதை இரணியல், நாகர்கோவில், சுசீந்திரம் என்று வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவிலேயே வந்து, கடலுக்குச் சற்று முன்னால் நின்றுவிடுகிறது. அதனால்தானோ என்னவோ, கொள்ளுப்பிட்டி நடைமேடையில் முதன்முறை நின்றபோது, இங்கே இல்லாத ஒன்றை யாரோ எனக்காக அங்கே கட்டி வைத்திருப்பதுபோல் இருந்தது. அன்று இரண்டு வண்டிகளைப் போகவிட்டுவிட்டு மூன்றாவதில்தான் ஏறினேன்.

பயணச்சீட்டைப் பற்றியும் ஒரு சொல். கெட்டியான அட்டையில் அச்சிட்ட சிறிய சீட்டு, நம் நாட்டில் ஒரு காலத்தில் எல்லா நிலையங்களிலும் இருந்தது, இப்போது மறைந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் என்பவர் உருவாக்கிய முறை அது. இலங்கையில் கணினிச் சீட்டு மெல்ல வந்துகொண்டிருந்தாலும், அந்த அட்டைச் சீட்டு நெடுங்காலம் புழக்கத்தில் நிலைத்துவிட்டது. இறங்கும் நிலையத்தில் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்; ஆகவே, அட்டைச் சீட்டு கிடைக்கும் நிலையத்தில் ஒரே பயணத்துக்கு இரண்டு சீட்டுகள் வாங்கி, ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதைச் சேகரிப்பில் வைத்துக்கொள்ளுங்கள். புறநகர் வண்டியில் மூன்றாம் வகுப்புக் கட்டணம் மிகக் குறைவு.

இதற்கு மேலும் ஒரு பொழுது மிஞ்சினால், மருதானையிலிருந்து பிரியும் களனிவெளிப் பாதையில் நுகேகொடை, மகரகமை வழியாக ஓமாகமை வரை போய் வாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டரை அடிக் குறுகிய பாதையாகப் போட்டதை 1990-களில் அகலப்பாதையாக்கினார்கள். அகலம் மாறியதே தவிர வளைவுகள் மாறவில்லை. குறுகிய பாதைக்காக வகுத்த நெளிவுகளில், வீடுகளின் பின்புறச் சுவரை உரசுவதுபோல, பெரிய வண்டி மெல்ல மெல்ல ஊர்ந்து போவதை வேறெங்கும் எளிதில் பார்க்க முடியாது.

கேள்வி: நான் லோகோ பைலட்டாக இருந்து ஓய்வுபெற்றவன், நாகர்கோவில் வாசி. இப்போது எங்கள் பக்கம் எல்லாம் மின்சார இன்ஜின். பழைய ஆல்கோ டீசல் இன்ஜினின் சத்தத்தைக் கேட்க ஏக்கமாக இருக்கிறது. இலங்கையில் அது கிடைக்குமா? அங்கே பாதையின் அகலம் என்ன?

பதில்: வணக்கத்துக்குரிய ஐயா, தங்கள் கடிதம்தான் என்னை இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியது. இலங்கையில் மின்சார ரயில் இன்னும் வரவில்லை, ஓடுவதெல்லாம் டீசல். பாதையின் அகலமும் நம்முடைய 1676 மில்லிமீட்டர்தான். 1864-இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸை வரை முதல் வண்டி ஓடியபோதே அந்த அளவைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

தாங்கள் கேட்ட சத்தம் அங்கே பலவிதமாகக் கிடைக்கும். வாரணாசித் தொழிற்சாலையில் கட்டி அனுப்பிய எம்8, எம்10 வகை இன்ஜின்களில் இருப்பது தாங்கள் ஓட்டிய அதே ஆல்கோ 251 குடும்பத்து இயந்திரம். கனடாவின் மான்ட்ரியலில் கட்டிய எம்4 வகையிலும் அதே குடும்பந்தான், சிலிண்டர்கள் மட்டும் பன்னிரண்டு. கோட்டை நிலையத்தில் நீண்ட தூர வண்டி புறப்படும் வேளையில் நடைமேடையின் முன்கோடியில் நின்றால், ஓட்டுநர் நாட்ச் எனப்படும் விசைப் படியை ஏற்ற ஏற்ற அந்த நான்கு வீச்சு இயந்திரம் மூச்சு வாங்கி எழும்புவதைத் தங்கள் காதே அடையாளம் கண்டுகொள்ளும்.

அங்கே போனால் தாங்கள் தேடிப் பார்க்க வேண்டியது ஆல்கோ அன்று, எம்2 என்று நான் சொல்லத் துணிவேன். கொழும்புத் திட்டம் என்ற உதவித் திட்டத்தின்கீழ் 1954 முதல் கனடா கொடுத்த ஜெனரல் மோட்டார்ஸ் இன்ஜின்கள் அவை. நன்றியின் அடையாளமாக ஆல்பர்ட்டா, ஒன்டாரியோ என்று கனடா மாகாணங்களின் பெயர்களை அவற்றுக்குச் சூட்டினார்கள். இரண்டு வீச்சு இயந்திரம் என்பதால் அதன் சுருதியே வேறு. ஆல்கோவைப்போல் விட்டுவிட்டு அடிக்காமல் ஒரே சீராக முழங்கும். எழுபது ஆண்டு கடந்த இயந்திரத்தை இன்னும் ஓட்டும் நிலையில் வைத்திருக்கும் பணிமனைத் தொழிலாளர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். நீராவியிலிருந்து டீசலுக்கு அந்த ரயில்வே மாறிய காலத்தில் அதை வழிநடத்திய பொறியாளர் பி.டி. ராம்பாலாவை அங்கே பழைய ஊழியர்கள் இன்றும் மரியாதையோடு நினைவுகூர்கிறார்கள்.

இன்னொரு செய்தியும் தங்களுக்கு மகிழ்ச்சி தரும். அங்கே ஓடும் எஸ்11, எஸ்13 வகை டீசல் தொடர் வண்டிகள் சென்னைப் பெரம்பூரில் கட்டப்பட்டவை.

கேள்வி: குளச்சலிலிருந்து எழுதுகிறேன். கணவரோடு கொழும்பு போகிறேன். ரயிலைவிடப் பேருந்தில் ஊர் பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கும். அங்கே வழி தெரியாமல் பேருந்தில் ஏறலாமா?

பதில்: தாராளமாக ஏறலாம், அம்மா. எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். காலி வீதியில் பாணந்துறைக்கும் புறக்கோட்டைக்கும் இடையே ஓடுவது 100. மகரகமைப் பக்கம் போவது 138. சிவப்பு நிறப் பேருந்துகள் அரசுடையவை, மற்றவை தனியாருடையவை. தனியார் வண்டிகளில் நடத்துநர் படியில் நின்று ஊர்ப்பெயர்களைக் கூவிக்கொண்டே வருவார், நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்துக் காலை நேரம் நினைவுக்கு வரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: முன்வரிசை இருக்கைகள் மதகுருமாருக்கு ஒதுக்கியவை. காலியாக இருந்தாலும், பிக்கு ஒருவர் ஏறினால் எழுந்து இடம் கொடுத்துவிட வேண்டும். நம் ஊர்போல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அங்கே இல்லை; சில்லறையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே டிராம் ஓடியதா என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். 1899 முதல் 1960 வரை ஓடியது. அதன் பிற்காலத்தில், 1953 முதல் 1964 வரை, மின்கம்பியில் இயங்கும் டிராலி பேருந்துகளும் ஓடின. இன்று இரண்டும் இல்லை.

கேள்வி: நான் மணக்குடியைச் சேர்ந்தவன். சுனாமியில் கவிழ்ந்த ரயிலைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த இடத்துக்குப் போக முடியுமா?

பதில்: முடியும். 2004 டிசம்பர் 26 அன்று மணக்குடிப் பாலத்தை அலை பிய்த்துக்கொண்டு போன அதே காலையில், கொழும்பிலிருந்து மாத்தறை நோக்கிச் சென்ற வண்டி ஹிக்கடுவைக்கு அருகில் பெரலிய என்ற இடத்தில் நின்றிருந்தது. முதல் அலைக்குப் பயந்த ஊர்மக்கள் பலர் ரயில் பெட்டிகளை அடைக்கலமாக நம்பி ஏறிக்கொண்டார்கள். அடுத்து வந்த அலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே வரலாற்றில் இதைவிடப் பெரிய உயிரிழப்பு வேறு எந்த விபத்திலும் நேர்ந்ததாகச் சொல்லப்படுவதில்லை. அங்கே நினைவிடம் இருக்கிறது. கொழும்பு கோட்டையிலிருந்து காலிக்குப் போகும் வண்டியில் ஹிக்கடுவையில் இறங்கிப் போகலாம்.

அந்த வண்டியை இழுத்த இன்ஜின், மேலே சொன்ன எம்2 வரிசையைச் சேர்ந்த 591 ‘மானிடோபா’. தண்ணீரிலிருந்தும் சேற்றிலிருந்தும் அதை மீட்டு, பழுது பார்த்து, மறுபடியும் பாதையில் ஓடவிட்டார்கள். தங்கள் ஊரில் அன்று யாரை இழந்தீர்கள் என்று தாங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. போவதானால் காலை வேளையில் போங்கள், அங்கே வீடுகளில் இருப்பவர்களிடம் மணக்குடிக்காரர் என்று சொல்லுங்கள்.

கேள்வி: கன்னியாகுமரி. விமானம் ஏறாமல், கப்பலும் ரயிலுமாகவே கொழும்பு போய்ச் சேர இன்று வழி உண்டா? என் தாத்தா ‘போட் மெயிலில்’ போனதாகச் சொல்வார்.

பதில்: தங்கள் தாத்தா போன வழி இதுதான்: சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை மீட்டர் பாதையில் ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், பிறகு கொழும்பு வரை அகலப்பாதையில் ரயில். 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து இந்த வழி நடந்தது. 1964 டிசம்பரில் அடித்த புயல் தனுஷ்கோடியோடு அதையும் கொண்டுபோய்விட்டது.

இன்று வேறொரு வழி உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது. கடல் நிலையைப் பொறுத்து இடையிடையே நின்று நின்று நடக்கிறது. பயணம் சுமார் நான்கு மணி நேரம். காங்கேசன்துறையில் இறங்கினால் வடபாதையின் கடைசி நிலையம் அங்கேயே இருக்கிறது. போரில் அழிந்துபோன அந்தப் பாதையை இந்திய நிறுவனம் மறுபடி போட்டுக் கொடுத்து, 2015 சனவரியில் அந்நிலையம் வரை வண்டி வந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியா, அனுராதபுரம் வழியாகக் கொழும்பு கோட்டைக்கு அங்கிருந்து ரயில் உண்டு. 1956-இல் ஓடத் தொடங்கிய ‘யாழ்தேவி’ என்ற பெயரும் இந்தப் பாதைக்கு உரியது.

கன்னியாகுமரியிலிருந்து புறப்படுவதானால், திருச்சி வரை இரவு வண்டியிலும் அங்கிருந்து தஞ்சாவூர், திருவாரூர் வழியாக நாகப்பட்டினத்துக்குப் பகல் வண்டியிலும் போகலாம். புறப்படும் முன் கப்பல் ஓடும் நாள்களையும், மழைக்காலமானால் இலங்கைப் பாதைகளின் நிலையையும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரு பகல் முழுதும் வடபாதையில் செலவிட முடியுமானால் இரவு வண்டியைத் தவிர்த்துப் பகல் வண்டியையே பிடியுங்கள். ஆனையிறவில் உப்பளங்களை இருட்டில் கடந்துபோய்விடக் கூடாது.