ஃபுட் போட்டோகிராஃபிக்கு போறேன்னு பையன் சொல்றானா? கேமராவை அப்புறம் பாத்துக்கலாம்மா

வணக்கம்மா. பையன் பி.காம் ரெண்டாவது வருஷம் படிக்கிறான், படிப்பை விட்டுட்டு ஃபுட் போட்டோகிராஃபி பண்ணப்போறேன், ஒன்றரை லட்சத்துக்கு கேமரா வாங்கிக் குடுங்கனு நிக்கிறான், இதெல்லாம் ஒரு வேலையானு கேட்டிருக்கீங்க. வேலைதாம்மா. ஸ்விக்கி, ஜொமேட்டோல மெனுவை திறந்தா வர்ற படம், மசாலா பாக்கெட் மேல இருக்கற சிக்கன் குழம்பு, ஸ்வீட் கடையோட தீபாவளி போர்டு, எல்லாத்தையும் யாரோ ஒருத்தர் காசு வாங்கிட்டு எடுத்துக் குடுக்கறாங்க. ஆனா இது மாசம் பொறந்தா சம்பளம் வர்ற வேலை இல்ல, பெரும்பாலும் சொந்தத் தொழில். அதனால டிகிரியை பாதில விட வேண்டாம். கொட்டேஷன் போடறது, பில் போடறது, பாக்கி வசூல் பண்றதுனு பாதி வேலை கணக்குதான், பி.காம் அவனுக்கு கைகொடுக்கும்.

கேமரா இப்போதைக்கு வேண்டவே வேண்டாம், கையில இருக்கற போன் போதும். இந்த தொழில்ல முதல்ல கத்துக்க வேண்டியது வெளிச்சம், அதுக்கு உங்க வீட்டு ஜன்னலே போதும். நேரா வெயில் விழாத ஜன்னலா பாத்து ஒரு சின்ன டேபிள் போட்டுக் குடுங்க, வெயில் வந்தா மெல்லிசான வெள்ளை வேட்டியை திரையா கட்டிக்கட்டும். டியூப்லைட்டை அணைச்சிடணும், ஏன்னா ஜன்னல் வெளிச்சம் ஒரு கலர், டியூப்லைட் ஒரு கலர், ரெண்டும் கலந்தா சட்னி நிறமே மாறிடும். வெளிச்சம் பக்கவாட்டுலயோ பின்னாடிலேர்ந்தோ வரணும், எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தினா நிழல் கொஞ்சம் இளகும், அதே இடத்துல கருப்பு சார்ட் பேப்பர் வச்சா நிழல் இன்னும் ஆழமாகும். போன்ல இருக்கற ஃபிளாஷை மட்டும் தொடவே கூடாது.

முதல் பாடமா இட்லியை எடுக்கச் சொல்லுங்க. சுலபம்னு தோணும், இல்லவே இல்ல. வெள்ளை இட்லியை வெள்ளை தட்டுல வச்சு எடுத்தா கேமரா அதை சாம்பல் நிறமா காட்டும், எக்ஸ்போஷரை, அதாவது படத்துல விழற வெளிச்சத்தோட அளவை, ஏத்தி சரி பண்ணணும், ஏத்தினது ஒரு புள்ளி கூடிட்டா இட்லியோட மேல்பக்கத்துல இருக்கற சின்னச் சின்ன துளையெல்லாம் காணாம போயிடும். ஆவி தெரியணும்னா பின்னாடி இருட்டா இருக்கணும், வெளிச்சமும் பின்னாலேர்ந்து வரணும். ஒரே இட்லியை ஒரு மாசம் விதவிதமா எடுத்துப் பாத்தான்னா எந்த கோர்ஸும் தராத கண்ணு வந்துடும். அதுக்கப்புறம் வாழை இலை சாப்பாடு, அதை நேர் மேலேர்ந்து எடுக்கணும். கிண்ணத்துல இருக்கறதை சாய்வா எடுக்கணும், அடுக்கி வச்ச பரோட்டாவை தட்டு மட்டத்துக்கு குனிஞ்சு எடுக்கணும். இதெல்லாம் எடுத்து எடுத்துத்தான் பிடிபடும்.

இன்னொண்ணு, இதை பசங்க யாருமே யோசிக்கறதில்ல. சமையல் தெரியாதவன் சாப்பாட்டை நல்லா எடுக்க முடியாதும்மா. தோசை மொறுமொறுப்பு கொஞ்ச நேரத்துல போயிடும், சாம்பார் மேல ஆடை படியும், பொங்கல் இறுகிப்போகும், நெய் உறைஞ்சா வெள்ளையா திட்டு தட்டிடும், கொத்தமல்லி வாடிடும். இது எப்ப நடக்கும்னு தெரிஞ்சவன்தான் ஃப்ரேம், வெளிச்சம், தட்டு எல்லாத்தையும் காலித்தட்டை வச்சே ரெடி பண்ணிட்டு கடைசியா சூடான ஐட்டத்தை வரச்சொல்லுவான். அதனால உங்க சமையல்கட்டுல அவனை நிக்க வைங்க. இந்த பக்கம் அவனுக்கு ரொம்ப பிடிச்சிருந்தா ஃபுட் ஸ்டைலிங்னே தனி வேலை இருக்கு, தட்டுல உணவை அடுக்கி அலங்காரம் பண்றது. சென்னை தரமணில இருக்கற ஐஎச்எம்ங்கற ஹோட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரி மாதிரி இடத்துல ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிச்சவங்களுக்கு அது ஒரு நல்ல வழி.

போட்டோகிராஃபியையே முறையா படிக்கணும்னா டிகிரி முடிச்சப்புறம் ஊட்டி பக்கம் லவ்டேல்ல இருக்கற லைட் அண்ட் லைஃப் அகாடமி மாதிரி இடத்தை விசாரிக்கலாம். ஃபீஸ் லட்சக்கணக்குல வரும், அதனால அவன் நிலைச்சு நிக்கறானானு ஒரு வருஷம் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. அதை விட நான் சொல்றது, லீவுல ஒரு கமர்ஷியல் போட்டோகிராஃபர்கிட்ட அசிஸ்டென்டா சேரட்டும், லைட் ஸ்டாண்ட் தூக்கறதுலேர்ந்து கிளையன்ட்கிட்ட பேசறது வரைக்கும் நேர்ல பாப்பான்.

கேமரா வாங்கற கட்டம் வந்தா செகண்ட் ஹேண்ட் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா மட்டும்), ஒரு 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ், உறுதியான டிரைபாட், அவ்ளோதான். ஹோட்டலுக்குள்ள எல்இடி லைட்ல எடுக்கறப்போ படத்துல கோடு கோடா விழலாம், நம்ம ஊரு கரன்ட் 50 ஹெர்ட்ஸ், அதோட சேர்ந்து லைட்டும் கண்ணுக்குத் தெரியாம மினுங்கும், அதனால ஷட்டர் வேகத்தை 1/50 செகண்ட் இல்லாட்டி 1/100 செகண்ட்ல வச்சா பெரும்பாலும் சரியாயிடும்.

ஏஐ வந்து இந்த வேலையை சாப்பிட்டுடாதானு கேப்பீங்க. போஸ்டருக்கு பொதுவா ஒரு பிரியாணி படம் போதும்ங்கற வேலையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா அதுக்கு போயிடும்னுதான் நினைக்கிறேன். ஆனா திண்டுக்கல்ல சீரக சம்பா பிரியாணி போடற கடைக்கு அவங்க பிரியாணிதான் வேணும், நீள அரிசியில பாஸ்மதி மாதிரி ஒரு படத்தை போட்டா சாப்பிட வந்தவன் கேள்வி கேப்பான். அந்த மாதிரி கடைங்கதான் உங்க பையனுக்கு முதல் கிளையன்ட். தெரிஞ்ச மெஸ், பக்கத்து பேக்கரி, அங்க ஒரே ஒரு தடவை ஃப்ரீயா எடுத்துக் குடுக்கட்டும், அடுத்த தடவைலேர்ந்து காசு.

காசு வாங்க ஆரம்பிச்சா எழுத்துல இருக்கணும். 1957 காப்பிரைட் சட்டம் 17வது பிரிவுப்படி, காசு குடுத்து எடுக்கச்சொன்ன போட்டோ, வேற ஒப்பந்தம் இல்லாட்டி, எடுக்கச்சொன்னவருக்குத்தான் சொந்தம். அதனால எத்தனை டிஷ், எத்தனை தடவை திருத்திக் குடுக்கணும், படத்தை எங்கெல்லாம் போடுவாங்க, இவன் தன்னோட போர்ட்ஃபோலியோல, அதாவது தன் வேலையைக் காட்டற படத்தொகுப்புல, காட்டலாமா, இதெல்லாம் கொட்டேஷன்லயே எழுதி கையெழுத்து வாங்கணும். சிறுதொழில் பண்றவங்களுக்கான அரசாங்க உத்யம் பதிவு இலவசம், அதை போட்டு வச்சுக்கட்டும், ஜிஎஸ்டி பத்தி இப்போ பயப்பட வேண்டாம், சர்வீஸ் தொழிலுக்கு வருஷ வரவு 20 லட்சம் தாண்டினாத்தான் பொதுவா பதிவு பண்ணணும். பாதி அட்வான்ஸ் கைக்கு வராம ஷூட்டுக்கு கிளம்பாதேனு சொல்லி வைங்க, இந்த வயசு பசங்களுக்கு காசு கேக்கவே கூச்சம், அம்மா சொன்னாங்கனு சொல்லியாவது கேக்கட்டும்.